முதலாளி போட்ட புள்ளி

புடவைக் கடையில் நிற்கிறவனுக்கு முதலில் கால் உளையும், பிறகு வாய் உளையும். எங்கள் முதலாளி கொழும்புக்குப் போய்வந்த வருடம் எங்களுக்குத் தலையும் உளைந்தது.

கொழும்புக் காற்று

எண்பதுகளின் தொடக்கம், கல்முனைக் கடைத்தெரு. கொழும்பில் வேலையாட்களுக்குப் புள்ளி போடுகிறார்கள் என்று முதலாளி கேள்விப்பட்டு வந்தார். நோன்பு பிறந்ததும் எங்களுக்கும் தொடங்கிவிட்டார். யார் கூடுதலாக விற்கிறாரோ அவருக்குக் கூடுதல் புள்ளி. முதல் பத்து நோன்பு முடியக் கடைசியில் நிற்கிறவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்களோடு விற்பனைக்கு நிற்கும், ஊரையே கதையால் மயக்கும் ஜப்பாரே என்னிடம் வந்து புலம்பினார்:

"பள்ளிக்கூடத்துக்குப் பயந்துதானே காக்கா நான் கடைக்கி வந்த!"

முட்டை வாங்கியவர்

நோன்பு காலத்தில் எங்கள் பெண்கள் கடைக்கு வருவது குறைவு. சாறிப் பொதி வீடு தேடிப் போகும். பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். மறுநாள் வீட்டுக்காரர் வந்து முதலாளி கையில் காசைக் கொடுப்பார். பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெயிலில் அலைகிறவர் எங்களுக்கெல்லாம் அண்ணனான லத்தீப் காக்கா. முதலாளியோ, காசு தன் கைக்கு வந்ததால் விற்றதும் தான்தான் என்று கணக்கெடுத்தார்! லத்தீப் காக்காவுக்கு முட்டை. நான் எடுத்துச் சொன்னேன், எங்கே கேட்டார்? பத்தாவது நோன்பு முடிந்த அன்றைக்கே மனுசனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது லத்தீப் காக்கா என்னிடம் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் உடுப்புச் சுமந்தன் தம்பி, எண்ட புள்ளையளுக்குப் பெருநாளைக்கு ஒண்டுமில்ல."

திரும்பி வந்த பொதிகள்

அதன்பின் பொதி கொண்டுபோனவர் ஜப்பார். போன பொதியெல்லாம் கட்டுக்கூட அவிழாமல் திரும்பி வந்தது. அதே சாறி, அதே வீடுகள், என்னதான் நடக்கிறது? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் வழக்கமாக வாங்கும் ஒரு வீட்டுக்கே போய்க் கேட்டேன். லத்தீப் காக்கா பொதியை வைத்துவிட்டுச் சந்திக்குப் போய் நிற்பாராம். திரைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்கார ராத்தா சொன்னார்:

"இவர் வாசல்லயே நிண்டு கதைக்கிறார், நாங்க எப்பிடி உடுத்துப் பாக்கிற?"

பெருநாளுக்கு முந்தி

சொன்னதைச் சொன்னபடியே முதலாளியிடம் ஒப்புவித்தேன். அவரே லத்தீப் காக்கா வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார், பிள்ளைகளுக்கு உடுப்பும் கொடுத்தார். மறுநாளே பொதி பாதியாகத் திரும்பியது. முதலாளி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"அப்ப இவ்வளவு நாளும் நான் என்னத்தடா வித்த?"

புள்ளி போட்டதில் ஒரு நன்மை, எங்கள் கடையில் விற்கவே தெரியாதவர் யாரென்று கடைசியில் பிடிபட்டது. என்ன, அவரை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்குத்தான் அதிகாரமில்லை.