அறுந்த நூலின் நேரம்

உட்கார்ந்தால் அவளுடைய வலது கால் ஆடும். சாப்பிடும்போது ஆடும், பேருந்தில் ஆடும், தூக்கத்திலும் ஆடும். "பெடலை விட்டு இறங்கும்மா, வீடு வந்தாச்சு" என்பான் கணவன். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே வேலை. அந்த வரிசையில் முப்பத்திரண்டு பேர். அவள் வேகம் யாருக்கும் வராது. அதனால் மின்னல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த மாதம் உற்பத்தி குறைந்தது. ஆட்களுக்கு உற்சாகம் போதவில்லை என்று மேலாளர் காரணம் கண்டுபிடித்தார். உற்சாகம் ஏற்றுவதற்கு ஒரு பேச்சாளர் வந்தார். சாப்பாட்டு இடைவேளையில் கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டு பேசினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்லவைத்தார். கண்ணை மூடியதில் இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். கால் மணி நேரம் பேசுகிறவருக்குச் சாய்வு வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பது மணி நேரம் தைக்கிறவர்களுக்கு முதுகு சாய்க்க எதுவும் இல்லாத ஸ்டூல்.

வேலை குறைந்தால் வேலை செய்கிறவரின் மனதில் குறை தேடுவது முதலாளிகளுக்கு வசதி. மனதை யாரும் மேசை மேல் எடுத்து வைத்துக் காட்ட முடியாது. அதனால் மறுக்கவும் முடியாது. நூலைக் கையில் எடுத்து இழுத்துப் பார்க்கலாம். அதை யாரும் செய்யவில்லை.

மின்னல் செய்தாள். மாத ஆரம்பத்தில் புதிதாக வந்த நூல் லேசாக இழுத்தாலே அறுந்தது. பழைய நூல் மணிக்கு இரண்டு முறை அறுந்தாலே அதிகம். இது எத்தனை முறை அறுகிறது என்று மேசை விளிம்பில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு வந்தாள். எட்டு, ஒன்பது, சில மணிகளில் பத்து. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நூலைக் குறை சொல்லாதம்மா. மனசு வச்சா கயித்தைக் கோத்தே தைக்கலாம்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நேரம் அளக்க ஆள் வர்றாரு. உன் கையைத்தான் அளக்கப் போறாரு. பறந்து காட்டு. பக்கத்து லைனுக்கு சூப்பர்வைசர் தேவைப்படுது. உன் பேரைச் சொல்லியிருக்கேன்."

அவள் கையை அளந்து கிடைக்கும் எண்தான் முப்பத்திரண்டு பேருக்கும் புதிய டார்கெட். இப்போதைய டார்கெட் மணிக்கு ஐம்பது. தொடர்ந்து மூன்று நாள் அதைத் தொடாதவர்கள் நான்காம் நாள் வர வேண்டியதில்லை. இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருக்கும் நாத்தனார் ஐம்பதையே மூச்சு வாங்கித்தான் தொடுகிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். புருஷனை விட்டு வந்து அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறாள். தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் வேறு எதிலும் ஒத்துப்போகாத மின்னலுக்கும் அதே ஆசைதான்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது நாத்தனார் ஆரம்பித்தாள்.

"அண்ணி, நாளைக்கு ஒரு நாள் மெதுவா தைங்களேன்."

"எனக்கு மெதுவா வராதே."

"எங்க அண்ணன் சட்டைக்கு ஒரு பட்டன் வைக்க மூணு வாரம் ஆச்சு. அது மட்டும் எப்படி வந்துச்சு?"

கணவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"நடிச்சா அந்த ஆளுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் மின்னல். "அப்புறம் நான் போட்டு வச்ச கோட்டையும் நம்ப மாட்டான்."

"அப்ப பறங்க. நான் இந்தக் கூடத்துலயே கிழவி ஆகுறேன்."

மேசைக்கு அடியில் மின்னலின் கால் வேகம் பிடித்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நேரம் அளப்பவர் வந்தார். கழுத்தில் நிறுத்து கடிகாரம், கையில் அட்டை, தூசு படாத ஷூ. சூப்பர்வைசர் பின்னால் நின்றுகொண்டார். முதல் மூன்று சட்டைகள் பறந்தன. மெதுவாகத் தைக்க நினைத்திருந்தாலும் அவள் கை கேட்டிருக்காது. நான்காவதில் நூல் அறுந்தது. டிக் என்று கடிகாரம் நின்றது. அவள் நூலைக் கோத்து ஊசியை இறக்கியதும் மறுபடி டிக்.

அவள் தைப்பதை நிறுத்தினாள்.

"எதுக்கு சார் நிறுத்துனீங்க?"

"நூல் அறுந்துச்சே. அது தையல் இல்லையே."

"அதைக் கோத்தது யாரு?"

"நீங்கதான். ஆனா அந்த மாதிரி நேரத்துக்கெல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் விட்டிருக்கு."

"யாரு விட்டது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர்."

"அவர் இந்த நூலைப் பார்த்திருக்காரா?"

"ஏம்மா, சாருக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் சூப்பர்வைசர்.

"எடுக்கலைங்க. கடிகாரத்தை ஓட விடுங்கன்னுதான் சொல்றேன். ஒரு மணி நேரம் நிக்காம ஓடட்டும். நானும் முழு வேகத்துல தைக்கிறேன். கடைசியில எத்தனையோ அதை எழுதிக்குங்க."

வரிசையில் நான்கைந்து மெஷின்கள் ஓசையடங்கின. நேரம் அளப்பவர் அட்டையைப் பார்த்தார், மேசை விளிம்பிலிருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் முதுகு வலித்து நெளிய ஆரம்பித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கற்ற முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் பறந்தாள். ஒன்பது முறை நூல் அறுந்தது. நான்கு முறை அடிநூல் தீர்ந்து பாபின் மாற்றினாள். ஆறு முறை துணிக் கட்டுகளை அவிழ்த்து, தைத்து முடித்ததைத் திரும்பக் கட்டினாள். கடிகாரம் நிற்கவில்லை. கழுத்திலிருந்து வேர்வை ரவிக்கைக்குள் இறங்கியது. ஒரு மணி நேரம் முடிந்தபோது அறுபத்திரண்டு சட்டை இருந்தது.

"தையலை மட்டும் எடுத்தா நாப்பத்து மூணு செகண்டுக்கு ஒண்ணு" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். "மணிக்கு எண்பத்து மூணு. பத்து சதவீதம் போனா எழுபத்தஞ்சு போட்டிருப்பேன்."

"எழுபத்தஞ்சு போட்டா எனக்கே வராது சார். அப்ப எனக்கும் உற்சாகம் இல்லைன்னு எழுதுவீங்களா?"

"நூல் அறுந்ததை எழுத இந்தப் படிவத்துல கட்டமே இல்லைம்மா."

"ஓரத்துல இடம் இருக்கே."

ஓரத்தில் எழுதினார். ஒன்பது என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அவர் போனதும் சூப்பர்வைசர் அவள் காதருகே குனிந்தார். "உனக்கு வர இருந்ததை நீயே கத்தரிச்சுட்ட."

"தெரியும்" என்றாள். அடுத்த கட்டை அவிழ்த்தாள்.

இந்த நூலில் மின்னலுக்கே அறுபத்திரண்டு என்றால் மற்றவர்களுக்கு ஐம்பதே அதிகம் என்று நேரம் அளப்பவர் எழுதிக் கொடுத்தாராம்; டார்கெட் ஐம்பதிலேயே நின்றது. பக்கத்து வரிசைக்கு சூப்பர்வைசராக, பேச்சாளருக்கு முதலில் கைதட்டியவரைப் போட்டார்கள். நூல் மாறவில்லை, வாங்கியது தீர வேண்டுமாம். உற்சாகம் குறையாமல் இருக்க அடுத்த மாதமும் அந்தப் பேச்சாளர் வருகிறார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதற்குள் வரிசையில் பாதி மேசைகளின் விளிம்பில் சாக்குக் கட்டிக் கோடுகள் முளைத்திருந்தன. துடைக்கச் சொன்னார்கள். துடைத்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

அந்த மாதம் நாத்தனார் ஒரு நாளும் ஐம்பதுக்குக் கீழே போகவில்லை. சம்பளம் வாங்கிய அன்று பேருந்தில் மின்னலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரூம் பார்த்துட்டேன் அண்ணி."

மின்னலின் கால் நின்றது. "எங்கே?"

"உங்க வீட்டுக்கு அடுத்த சந்து. சமையல் மட்டும் உங்க வீட்டுலயே வச்சுக்கலாம்னு அண்ணன் சொல்லிடுச்சு."

கால் மறுபடி ஆடத் தொடங்கியது.