காதுக்கு ஏறிய மூக்குத்தி

எனக்கு அறுபத்தாறு வயது. நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்து பேருக்கும் காது குத்தித் தங்கம் போட்டுத்தான் அழகு பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதில் என் காதில் இருந்தது வேப்பங்குச்சி. கம்மல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா செருகிவிட்ட குச்சி.

அடையாறில் அம்மா பாத்திரம் துலக்கிய வீட்டுக்காரம்மாள் வாட்டர் கலரில் படம் எழுதுவார். பெண்கள் அன்றாடம் போட்டுக்கொள்வதைத்தான் எழுதுவார். பூக்காரியின் கண்ணாடி வளையல், கீரைக்காரியின் மெட்டி, யாரோ ஒருத்தியின் தாலிக் கயிற்றில் தொங்கும் ஊக்கு. ஈரத் தாளில் ஒரு சொட்டு மஞ்சள் விடுவார். அது தானே ஊறிப் பரவும். ஓரத்தில் கொஞ்சம் காவி தொட்டால் தங்கம். காயும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் என்னையே உட்கார வைத்தார். காதை வரைந்து, குச்சிக்குப் பழுப்பைக் குழைத்தபோது அம்மா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, குச்சியப் போயி எழுதுறீங்க? ஒரு கம்மல் எழுதுங்க."

"குச்சிதான் அழகு. நான் கண்ணால பாக்கறதத்தான் போடுவேன்."

"உங்களுக்கு அழகு. நாளைக்கு இவள கேட்டுகினு வர்றவன் பாத்தா இன்னா சொல்லுவான்?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தன் சிவப்புக்கல் மூக்குத்தியைத் திருகிக் கழற்றினாள். குச்சியை உருவிப்போட்டு, அதை என் காதில் மாட்டினாள்.

"இப்போ பாருங்க. காதுல கல்லு கீதா, இல்லியா?"

அவர் வேறு தாள் எடுத்தார். சிவப்பு ஒரு சொட்டு விழுந்தது. நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை விட்டார், கல் மின்னியது. அது என் காதுதான் என்று நம்பவே முடியவில்லை.

படம் முடிந்தும் அம்மா மூக்குத்தியைத் திருப்பி வாங்கவில்லை. "போட்டுகினு வா. நாலு பேரு பாக்கட்டும்" என்றாள். பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று தலையைத் திருப்பியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வீடு வரும்வரை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். பஸ் புகை என்று நினைத்துக்கொண்டேன். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது ஒருத்தி மூக்கு மூளியாகத் தெருவில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? எங்க, மொதல்லேர்ந்து படி. அம்மா கழட்டுற எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா படி.