கிணற்றுத் தண்ணீரில் ஐந்து புள்ளி இரண்டு

சிலுவைமுத்து முட்டம் துறைமுகத்தில் நாற்பத்தொரு வருடம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தார்.

எந்த எஞ்சினுக்கும் உச்ச வேகத்தைக் கம்பெனி ஒரு திருகில் கட்டிவைத்திருக்கும். திருகின்மேல் கம்பியும் ஈயமுமாக ஒரு சீல் இருக்கும். அவர் உடைத்த சீல்களுக்குக் கணக்கில்லை. முதலில் கரை சேரும் வள்ளத்து மீனுக்குத்தான் ஏலத்தில் மரியாதை என்பதால் எல்லாருக்கும் அவசரம்.

"அண்ணே, ஒரு கால் சுத்து."

"திருகுதேன். சூடு ஏறினா என்கிட்ட வந்து அழக் கூடாது. தண்ணி பெய்யுதான்னு மட்டும் பாத்துக்கோ."

வள்ளத்தின் பின்னால் மாட்டும் மோட்டார் கடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, சூட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஓட்டை வழியாக மெல்லிய நூல்போல வெளியே பீய்ச்சும். நூல் நின்றால் எஞ்சின் வெந்துவிடும். கரையில் இதற்கு வேறொரு வார்த்தை உண்டு. பங்குச் சாமியார் பக்கத்தில் நின்றால் 'பெய்யுது' என்பார்கள். சிலுவைமுத்து எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

வள்ளங்களுக்குப் புனிதர்களின் பெயர். எஞ்சினுக்குக் கம்பெனியின் பெயர். மெக்கானிக்கின் பெயரை யாரும் எங்கும் எழுதுவதில்லை. இதற்காக அவர் வருத்தப்பட்டதாக யாரும் கேட்டதில்லை. ஆனால் 2023 ஈஸ்டர் லீவில் மகள் லிஜா பெயர்கள் ஏறும் ஒரு பட்டியலைக் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

முழங்கால் முட்டு தேய்ந்து வள்ளத்தில் ஏற முடியாமல் அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கி அப்போது எட்டு மாதம். லிஜா மெக்கானிக்கல் படித்துவிட்டு பூனாவில் வேலை பார்த்தாள். படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் ஜன்னலோரம் கிடந்தது. பார்க்க ஆளில்லாத எஞ்சினை அவரால் சும்மா விட முடியாது. மூடியைக் கழற்றி, தூசி துடைத்து, எது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்திருந்தார்.

"இந்த பிராசசருக்கும் சீல் உண்டா மக்கா?"

"இந்த மாடலுக்கு இல்லப்பா. நாலு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸ்ல ஓடும். மேல ஏத்தணும்னா நம்மளே ஏத்திக்கலாம். ஓவர்கிளாக்னு சொல்லுவாங்க."

"அப்பம் ஏன் எல்லாரும் ஏத்தல?"

"சூடு."

சிலுவைமுத்து சத்தமாகச் சிரித்தார். "அது நம்ம ஆளுல்லா!"

பட்டியல் ஓர் இணையதளத்தில் இருந்தது. ஒவ்வொரு பிராசசர் மாடலுக்கும் ஒரு பட்டியல். ஐந்து புள்ளி இரண்டு அல்லது அதற்கு மேல், பத்து நிமிடம், பிராசசரை முழுச் சுமையில் ஓட்டும் சோதனை நிற்காமல் ஓட வேண்டும். ஓடி முடிந்ததும் பெயரையும் ஊரையும் ஓர் அட்டையில் கையால் எழுதி, ஓடிய கம்ப்யூட்டரோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால், சோதனை தரும் மதிப்பெண் வரிசையில் பெயர் ஏறும். அவர் விரலால் ஒவ்வொரு ஊராகத் தள்ளிக்கொண்டு போனார். ஹெல்சிங்கி. ஒசாகா. கொச்சி. கொல்லம்.

"கொல்லம் வரைக்கும் வந்திருக்கான். இங்க இறங்க மாட்டேன்னுட்டான்."

"நம்ம ஊரு சூட்டுக்கு முடியாதுப்பா. நாலு புள்ளி ஏழுலயே தொண்ணூத்தஞ்சு டிகிரி காட்டுது. நூறு ஆனா அதுவே வேகத்தைக் குறைச்சிரும்."

"பேரு எந்த எழுத்துல வரும்? தமிழ்ல வருமா?"

லிஜா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "அட்டையில தமிழ்ல எழுதலாம்" என்றாள்.

அவள் பூனாவுக்குப் போன மறுநாள் அவர் தக்கலைக்கு பஸ் ஏறினார். அங்கே லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஜான்ரோஸ் பழைய கூட்டாளி. தீப்பெட்டி அளவு செம்புக் கட்டி ஒன்று, உள்ளே தண்ணீர் ஓட நெருக்கமாகக் கோடுகள், உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஜான்ரோஸ் அதைக் கடைந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"எந்த வள்ளத்துக்கு அண்ணே இது? எறும்பு கடலுக்குப் போகுதா?"

"ஓடட்டும். பொறவு சிரி."

கட்டியை பிராசசர்மேல் வைத்து இறுக்கினார். அடுத்தது தண்ணீர். முட்டத்தில் சூட்டுக்கு ஒரே மருந்துதான். மீனுக்கு ஐஸ். முட்டு வீங்கினால் ஐஸ். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் துணியில் சுற்றி ஐஸ். மனைவி இசபெல் மீன் விற்கப் போகிறவள் என்பதால் வீட்டில் தெர்மோகோல் பெட்டியில் எப்போதும் ஐஸ் இருக்கும்.

"சூடுதானே? ஐஸை வையும். இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசன?" என்றாள் இசபெல்.

பெட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, ஏர்கூலர் பம்பு ஒன்றை உள்ளே இறக்கி, குழாயை மாட்டினார். ஐந்து புள்ளி இரண்டு வைத்தார். திரையில் ஐம்பத்திரண்டு டிகிரி. ஒரு நிமிடம் போனது, ஐம்பத்திரண்டு. இரண்டாவது நிமிடமும் ஐம்பத்திரண்டு. இசபெல் கை தட்டினாள். அவரும் தட்டினார். பம்புக் குழாய் உதறி, மீன் பெட்டியின் உப்புத் தண்ணீர் நாலு சொட்டு மதர்போர்டில் தெறித்ததை இருவரும் கவனிக்கவில்லை. நாலாவது நிமிடம் திரை கறுத்தது.

செம்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். முழுக்க நனைந்திருந்தது. அடியிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது.

வீடியோ காலில் லிஜா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஐஸா வச்சிய?"

"ஆமா மக்கா."

"டம்ளர்ல ஐஸ் போட்டா வெளிய வேர்க்கும்லா? அதேதான். போச்சுப்பா. விடுங்க, பரவாயில்ல."

அவர் விடவில்லை. கடலில் விழுந்த மோட்டாரைத் தூக்கினால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு காய்ந்தால்தான் ஆபத்து. இது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் போர்டிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி, பொத்தான் பேட்டரியையும் எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வந்து, பெயிண்ட் பிரஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினார்.

லிஜா அதை வீடியோவில் பார்த்தாள். இசபெல் சொன்னாள்: "ஏட்டி, உங்கப்பன் கம்ப்யூட்டருக்குத் தலைக்குக் குளிப்பாட்டுதாரு. சாம்பிராணி ஒண்ணுதான் பாக்கி."

மொட்டைமாடியில் பழைய வலை விரித்து இசபெல் நெத்திலி காயப்போட்டிருந்தாள். வலையின் ஓரத்தில் போர்டும் காய்ந்தது. மூன்று நாள். காக்கைக்கு எது நெத்திலி, எது போர்டு என்று வித்தியாசம் தெரியவில்லை. குச்சியோடு காவல் இருந்தது இசபெல்தான்.

"இன்னும் ரெண்டு நாள் காஞ்சா இதையும் சேத்து வித்துரலாம்" என்றாள்.

நாலாம் நாள் எல்லாவற்றையும் மாட்டி சுவிட்ச் போட்டார். ஓடியது. கொஞ்ச நாளைக்கு அந்த அறையில் கருவாட்டு வாசம் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். இசபெல் வாளியில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போவாள். வாளியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். ஐஸ் பெட்டி வேர்க்கிறது. கிணற்று வாளி வேர்க்கவில்லை. கையில் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர்க்கவில்லை.

லிஜாவை அழைத்தார். "கிணத்துத் தண்ணி இருபத்தெட்டு டிகிரி மக்கா. வீட்டுக்குள்ள முப்பத்துநாலு."

"சரி. ஆனா அந்தத் தண்ணி சுத்திட்டே இருந்தா அதுவும் சூடாயிரும்ப்பா. ரேடியேட்டர் வேணும், ஃபேன் வேணும்."

"எதுக்குச் சுத்தணும்?"

"எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எடுத்த சூட்டைத் திரும்ப எதுக்கு மக்கா உள்ள கொண்டுவரணும்? வள்ளத்துல என்ன செய்வோம்? வாங்குவோம், வெளிய விடுவோம். ஜன்னலுக்கு வெளிய வாழை நிக்கில்லா."

லிஜா கணக்குப் போட்டாள். இருநூற்றிருபது வாட். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். தண்ணீரின் சூடு ஒன்றரை டிகிரிதான் கூடும்.

"சரிதான்ப்பா" என்றாள்.

மொட்டைமாடியில் இருக்கும் டேங்கின் தண்ணீர் வெயிலில் கொதிக்கும், அது ஆகாது. கிணற்று மோட்டாரை நேராகக் கொடுத்துப் பார்த்தார். குழாய் பிய்த்துக்கொண்டு சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தை நனைத்தது. நல்லவேளை, கம்ப்யூட்டர் ஓடவில்லை. பிறகு ஐந்து லிட்டர் ஆயில் கேனைக் கழுவி, வாயை அறுத்து, ஜன்னலுக்கு மேலே கட்டினார். மோட்டார் கேனை நிரப்பும். மிஞ்சியது வெளியே வழியும். கேனிலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கி, செம்புக் கட்டிக்குள் புகுந்து, ஜன்னல் வழியே வாழையின் அடி மூட்டில் விழும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரால் அந்த நூலைப் பார்க்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தார். அட்டை தயாராக இருந்தது. வள்ளத்துக்குப் பெயர் எழுதுவதுபோல நிழல் வைத்து, நீல மையில்: சிலுவைமுத்து, முட்டம். அதை மேசையில் சாய்த்து வைத்தார். படம் எடுக்க இசபெல் கையில் போன்.

ஐந்து புள்ளி இரண்டு. சோதனை ஓடத் தொடங்கியது. எழுபத்தாறு டிகிரியில் வந்து நின்றது.

"பெய்யுதா?" என்றாள் இசபெல்.

"பெய்யுது."

மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். இசபெல் வாய்க்குள் ஜெபமாலை சொன்னாள். ஆறரை நிமிடத்தில் தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகி நின்றது.

கரண்ட் போய்விட்டது.

கம்ப்யூட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் இருந்ததால் ஓடிக்கொண்டே இருந்தது. கிணற்று மோட்டார் நின்றுவிட்டது. இதை அவர் யோசித்திருக்கவில்லை. கேனில் ஐந்து லிட்டர் உண்டு. இரண்டரை நிமிடம் வரும். வேண்டியது மூன்றரை.

"ஏட்டி, தண்ணி!"

"டேங்குல இருந்தா?"

"டேங்கு வேண்டாம், அது வெந்நி! கிணறு, கிணறு!"

இசபெல் போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். கப்பி கிறீச்சிட்டது. வெளியே வாழை மூட்டில் விழுந்த நூல் மெலிந்துகொண்டே வந்தது. எழுபத்தொன்பது. எண்பத்துநாலு. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்தார். எண்பத்தொன்பது. இசபெல் வாளியோடு ஸ்டூலில் ஏறி, பாதியைக் கேனிலும் மீதியை அவர் தலையிலும் ஊற்றினாள்.

"கம்ப்யூட்டர்ல படாம ஊத்து!"

"உம்ம தலைய எடும்!"

நூல் மறுபடி தடித்தது. எண்பது. எழுபத்தேழு. உண்மையில் இன்னும் இரண்டு லிட்டர் இருந்தாலே போதும். ஆனால் இசபெல் நிறுத்தவில்லை. இறைத்தாள், ஓடிவந்தாள், ஊற்றினாள், மறுபடி ஓடினாள். பத்து நிமிடம் முடிந்து திரையில் பச்சை எழுத்து வந்த பிறகும் ஒரு வாளி வந்தது.

"முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு! நிறுத்துட்டி!"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். தரை முழுக்கத் தண்ணீர்.

அட்டையை எடுத்தார். மை கரைந்து முழுக்க நீலமாகியிருந்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. பிறகு காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினார்.

இசபெல் எட்டிப் பார்த்தாள். "என் பேரு எதுக்கு?"

"கடைசி மூணு நிமிசம் பம்பு யாரு?"

"அப்பம் பம்புன்னு எழுதும்."

"எழுதின பேரை மாத்தப்படாது. போனை எடு."

படத்தில் அவர் முகம் இல்லை. திரை இருக்கிறது, செம்புக் கட்டி இருக்கிறது. ஈரம் சொட்டும் ஒரு கை, காலண்டர் தாளைப் பிடித்திருக்கிறது: இசபெல், சிலுவைமுத்து. முட்டம். லிஜா அதை அனுப்பினாள். ஆறாம் நாள் பெயர் ஏறியது. நாற்பத்துநாலாவது இடம், கொல்லத்துக்காரனுக்கு இரண்டு படி மேலே.

அந்த மாதம் முழுக்க அவர் துறைமுகத்துக்கு ஊன்றுகோலோடு போய், போனில் அந்தப் பட்டியலை ஒவ்வொருவருக்கும் காட்டினார். வலை பின்னுகிறவர்கள் தலையைத் தூக்காமலே கேட்பார்கள், "அண்ணே, கம்ப்யூட்டர் பெய்யுதா?" தக்கலையிலிருந்து ஜான்ரோஸ் போன் செய்து, செம்புக் கட்டி கடைந்தவன் பெயர் எங்கே என்று சண்டை போட்டான். அடுத்த தடவைக்கு எழுதுவதாக அவர் சத்தியம் செய்தார். இசபெல் யாரிடமும் பெருமை பேசவில்லை. ஆனால் மீன் கூடையோடு பஸ்ஸில் போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் போனை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி பாப்பம்" என்பாள். எழுத்துத் தெரியாதவள் இல்லை அவள்.

போன ஐப்பசியில் சிலுவைமுத்து இறந்தார். நெஞ்சுவலி. காலையில் வந்தது, மதியத்துக்குள் முடிந்தது. கேன் இன்னும் ஜன்னலுக்கு மேலே கட்டினபடி இருக்கிறது.

புதுப் பெயர்கள் வரவர அந்தப் பெயர் கீழே போகிறது. இசபெல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பூனாவுக்குப் போன் செய்வாள்.

"இப்பம் எத்தனாவது மக்கா?"

"எழுபத்தொண்ணும்மா."

"கொல்லத்துக்காரன்?"

"எழுபத்துமூணு."

"ரெண்டு படி இருக்குல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்கப் போவாள்.