நங்கூரத்தில் ஒன்பது நாள்

ஊர் சுற்றக் கிளம்புகிறவனுக்கு யோசனை சொல்ல எங்கள் தூத்துக்குடியில் ஆள் பஞ்சமே கிடையாது. அதிலும் என் தாய்மாமா தனி ரகம். கடற்கரையில் நின்றபடியே கொழும்பைக் கரைத்துக் குடித்தவர். வாழ்நாளில் அவர் பார்த்த வெளியூர் விளாத்திகுளம் ஒன்றுதான், அதுவும் ஒரு கல்யாணப் பந்திக்காக.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பத்து நாளுக்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று எழுதியிருந்தார். வீட்டில் அப்பா இல்லை. அந்த வேலையை நம்பித்தான் அம்மா தைரியமாகப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தாள். நான் ரயிலில் தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறலாம் என்றிருந்தேன். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏலே, ரயில்ல போறது மூடை. தோணியில போறவன்தாம்லே மனுசன். ரெண்டே நாள், கொழும்புல நிப்பே. சுமை கூடாது, ரெண்டு சட்டை போதும். எலுமிச்சம்பழம் ஒண்ணு மடியில வச்சுக்கோ, கொமட்டுனா மோந்துக்கிடலாம்."

மனுசனாகிவிடும் ஆசையில் தலையாட்டினேன். தெருவே கூடி வழியனுப்பியது. விபூதி பூசி, வாசல் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு கிளம்பியவன் பாதியில் வீடு திரும்பினால் போகிற காரியம் விளங்காது என்பார்கள்.

தோணி துறைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. உள்ளே முழுக்க வெங்காய மூடை. தோணியை ஓட்டும் தண்டல், எங்கள் ஊர்க் கத்தோலிக்கர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்ப கிளம்புவோம் அண்ணாச்சி?"

"மாதா காத்தத் தந்தா போவோம். தரலன்னா இங்கனதான் கெடப்போம்."

மாதா தரவில்லை. பாய் தொங்கியது தொங்கியபடி இருந்தது. மூன்றாம் நாள் வெங்காயம் முளைவிட்டது. என் பயணத்தில் முன்னேற்றம் கண்டது அது ஒன்றுதான். நான்காம் நாள் காலை அம்மா கரைக்கு மீன் வாங்க வந்தாள். கொழும்பில் இருக்க வேண்டிய மகனாகிய நான் மூடைக்குப் பின்னால் குந்தி ஒளிந்துகொண்டேன். அவள் கடலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் மாமா சிறு வள்ளத்தில் வந்து சேர்ந்தார். இறங்கி ரயிலைப் பிடித்துவிடுகிறேன், இன்னும் நாள் இருக்கிறது என்றேன்.

"எறங்கிராதலே! ஊரு சிரிக்கும். உங்க அம்மா மூஞ்சிய நெனச்சுப் பாரு. காத்து நாளைக்கு வந்திரும், நான் சொல்லுதேன்லா." பிறகு கனமான துணிப்பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்தார். "இத அந்தக் கடையிலயே குடுத்திரு. பிரிச்சிராத."

ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமாவை எத்தனை திட்டினாலும் அந்த இடத்தில் முட்டாள் நான்தான். காற்று ஒன்பதாம் நாள் பிற்பகலில் வந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, பொட்டலத்தைச் சுமந்துகொண்டு ஜவுளிக்கடை வாசலில் நின்றேன். எலுமிச்சம்பழம் காய்ந்து கல்லாகியிருந்தது.

உள்ளே சீட்டித் துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மாமாவின் மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன்.

"வாங்க அத்தான்! இப்பத்தான் வாரீயளா? நான் வந்து நாலு நாளாச்சு. ரயில்ல போனாத்தான் சட்டுனு போவலாம்னு அப்பா சொன்னாவ. நீங்க வரலங்கவும் மொதலாளி என்னய வச்சுக்கிட்டாரு."

பொட்டலத்தை நீட்டினேன். ஆவலாகப் பிரித்தான். உள்ளே சலவை செய்து மடித்த ஆறு சட்டைகள், எல்லாம் அவனுடையவை. ரயிலில் சுமக்கக் கஷ்டமாக இருக்குமென்று மாமா என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அவன் என் பக்கமாக மூக்கைச் சுளித்தான். பிறகு நல்ல மனசோடு ஒரு சட்டையை எடுத்து நீட்டினான்.

"இதப் போட்டுக்கிடுங்க அத்தான். உங்க மேல வெங்காய வாடை அடிக்கு."

வாங்கிப் போட்டுக்கொண்டேன்.