பூரணம் அக்கா மெதுவாகப் படித்த பாட்டு

கூட்டம் கூட்டுகிற தொழிலில் முதலில் போவது தொண்டை, பிறகு மானம். ஆள் குந்தாத கதிரைகளைப் பார்த்து முழங்கிய தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மதகடிச் சனம்

முரசுமோட்டையில் கடைசி வாய்க்கால் வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை. நெற்பயிர், கதிர் வெளிவரக் காத்திருக்கும் குடலைப் பருவத்தில் வாடிக்கொண்டிருந்தது. விவசாயிகளைத் திரட்டி அதிகாரிகள் இருக்கிற நீர்ப்பாசனக் கந்தோருக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு.

கூட்டத்துக்குச் சனத்தை இழுக்க இசைத்தட்டுப் போடுவோம். ஒரு கூட்டத்தில் இசைத்தட்டுப் பெட்டியின் ஊசி முறிந்துவிட்டது. "நான் பாட்டுப் படிக்கட்டோ?" என்று எழுந்தார் பூரணம் அக்கா. கடைசி வாய்க்காலில்தான் அவருடைய வயலும். சினிமாப் படத்தில் பாடகி உச்சத்துக்குப் போய் அழுது உலுக்கியெடுக்கிற பாட்டை, பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவர் போலப் படித்தார். மைக்கையும் தள்ளி வைத்துவிட்டார். பேர்பெற்ற பாடகிகளின் பாட்டு எதையும் அவர் அப்படித்தான் படிப்பாராம்.

ஆனால் வழக்கமாக அதிகாரிகளின் கண்ணில் படாமல் மதகடியில் சைக்கிளோடு நிற்கிற சனம், மேடையடிக்கே வந்து குந்தியது. நான் பேச எழுந்ததும் திரும்ப மதகடிக்கே போனது. ஒருவரைப் பிடித்து ஏனென்று கேட்டேன்.

"நீங்கள் கத்துறது அங்க நிண்டாலும் கேக்கும் அண்ணை. அவா படிக்கிறதுக்குக் கிட்ட வரத்தானே வேணும்!"

எழுச்சி

துண்டுப்பிரசுரம் படித்து வளர்ந்தவன் நான். எழுச்சி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு முன், படத்தில் உள்ளது போல உரத்துப் படிக்கும்படி அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, படத்தில அழுதவா சாப்பிட்டுட்டு வந்து அழுதவா. எனக்கு இவ்வளவுதான் வரும். உமக்குச் சத்தம் வேணுமோ, சனம் வேணுமோ?"

கந்தோர் யன்னல்

அக்கா மெதுவாகவே படித்தார். கந்தோருக்குப் போகச் சனம் வந்தது. கந்தோர் முற்றத்தில் நான் கோஷம் எழுப்பினேன். பொறியியலாளர் யன்னலைச் சாத்தினார். இன்னும் உரக்கக் கத்தினேன். கதவையும் சாத்தினார்.

நான் தொண்டையை நனைக்கப் போன நேரத்தில், விறாந்தையில் குந்தியிருந்த பெண்கள் அக்காவோடு சேர்ந்து மெல்லப் படிக்கத் தொடங்கினார்கள். யன்னல் திறந்தது. பிறகு கதவு. மனிதர் தலையைச் சரித்துக்கொண்டு வெளியே வந்து, அவர்கள் நடுவிலேயே நின்றார். பாட்டு முடிந்ததும் அக்கா ஒரு வாடிய பயிரை அவர் கையில் வைத்து, "ஒருக்கா வந்து பாருங்கோ ஐயா" என்றார். அவர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். நானும் ஏறப் போனேன்.

"கத்தினவர் நடந்து வரட்டும். மற்றவை ஏறுங்கோ" என்றார் பொறியியலாளர்.

மறுநாள் கடைசி வாய்க்காலிலும் தண்ணீர் ஓடியது. நன்றியுரை சொல்ல என்னைத்தான் அழைத்தார்கள், மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு.