கூட்டுக்கு வெளிச்சம் வெட்டியவர்

போன உயிர்த்த ஞாயிற்றுக்கு அக்காவும் அத்தானும் கனடாவில் இருந்து மன்னாருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். அன்றிலிருந்து அத்தானை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா இதை வாசித்தால் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும்.

நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறவள். காலையில் வேலைக்குப் போக முன்னம் கொஞ்ச நேரம் கமராவோடு குசினி வாசலில் இருப்பது என் வழக்கம். வாசலுக்கு நேரே எலுமிச்சை, எங்கள் தேசி மரம். அதற்குள் ஒரு தேன்சிட்டுச் சோடி கூடு கட்டியிருந்தது. கட்டியது பெண் குருவிதான். தும்பு, சிலந்தி வலை, கரையில் இருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த நீல வலை நூல் எல்லாம் சேர்த்து, முள்ளும் இலையும் மறைக்கிற கொப்பாகப் பார்த்துத் தொங்கவிட்டிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

ஆண் தேன்சிட்டைப் பார்த்தால் கறுப்புக் குருவி என்றுதான் சொல்வீர்கள். அந்தக் கறுப்பு பொய். ஊதாச் சாயம் என்று அதன் இறகில் எதுவும் கிடையாது. இறகு வெளிச்சத்தை வாங்கித் திருப்பி விடுகிற விதத்தில்தான் நிறம் இருக்கிறது. வள்ளங்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்கும் மண்ணெண்ணெயைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெயில் என் முதுகுப் பக்கமிருந்து போக வேண்டும், குருவியும் கழுத்தைத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் தொண்டை ஊதாவாகும், நீலமாகும், ஓரத்தில் பச்சையும் ஓடும். தலையைச் சற்று அசைத்தால் திரும்பவும் கறுப்பு. உச்சி வெயிலில் நான் எடுத்த படம் எல்லாம் கரிக்கட்டைதான்.

காலையில் ஒரு சிறிய நேரம் இலை இடுக்கால் வெயில் நுழைந்து கூட்டுக்கு முன்னால் இருக்கும் கொப்பில் விழும். அந்த நேரம் பார்த்து ஆண் குருவி வந்து அங்கே இருக்க வேண்டும். அது வரவில்லை என்றால் நான் கந்தோருக்குப் போய்விடுவேன். அதில் எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

அத்தானுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். கனடாவில் பல்கணியில் சீனித்தண்ணீர்ப் போத்தல் கட்டி, நாலு பக்கமும் பிளாஷ் வைத்து, ரீங்காரச்சிட்டுகளைப் படம் எடுக்கிறவர் அவர். ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு அந்தப் படங்களைத்தான் பார்த்தோம். நல்ல படங்கள், பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தொண்டையும் நெருப்பாய் எரிந்தது. பிறகு என் படங்களைப் பார்த்து, இது காகக் குஞ்சோ மச்சாள் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். காலை வெளிச்சத்துக்குப் பொறுத்திருந்து பாருங்கோ என்றேன். மூன்று கிழமை லீவில் வந்த மனிதருக்குப் பொறுமை எங்கே இருந்து வரும்?

பெரிய வெள்ளியில் எங்கள் வீட்டில் ஆணி அடிப்பதில்லை, கத்தி தூக்கி மரம் வெட்டுவதில்லை, சத்தமாகக் கதைப்பதுமில்லை. அம்மா அடுப்பைக்கூட அளவோடுதான் மூட்டுவார். மத்தியானத்துக்கு முன்னமே எல்லாரும் கோயிலுக்கு நடந்தோம். நாரி நோகுது, இடுப்பு நிமிர்த்த ஏலாது, வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று அத்தான் மட்டும் நின்றுவிட்டார். சிலுவைப் பாதை, வாசகங்கள், சிலுவை முத்தி எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

தேசி மரத்தின் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. அம்மாவின் தையல் கத்தரிக்கோலால் இலையும் சிறு கொப்புமாக நறுக்கி நிலத்தில் குவித்திருந்தார். கூடு வெட்டவெளியில் தனியாகத் தொங்கியது. அதற்குக் கிட்டவே கதிரை போட்டு, கமராவோடு அத்தான். எங்களைக் கண்டதும் கையைக் காட்டி, சத்தம் போடவேண்டாம், இப்பதான் ஆண் குருவி வந்து நல்ல படம் கிடைத்தது என்றார். இவ்வளவு நேரமும் தாய்க் குருவியும் ஆண் குருவியும் மதில் மேலேயே நின்று கத்திக்கொண்டிருந்தனவாம். கிட்டவே வரவில்லையாம். அதை ஒரு முறைப்பாடாகச் சொன்னார்.

நான் கதிரையைத் தாண்டிப் போய்க் கூட்டுக்குள் விரலை விட்டேன். இரண்டு குஞ்சுகளும் காய்ந்துபோய்க் கிடந்தன. சித்திரை மாதத்து மன்னார் வெயில், தலைக்கு நேர் மேலே நின்று எரிக்கிற வெயில். அதில் நிழலும் இல்லாமல், தீனும் இல்லாமல், தாயும் கிட்ட வர முடியாமல். நான் வாய் திறக்க முன்னமே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“பெரிய வெள்ளியும் அதுவுமா வீட்டு மாப்பிள்ளையோட கொழுவாதை, பிள்ளை.”

கத்தரிக்கோல் கத்தி இல்லை, இலை வெட்டினது மரம் வெட்டினதாகாது என்று அத்தான் அம்மாவுக்கு விளக்கினார். அம்மாவும் அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு நின்றார். குஞ்சுகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சனிக்கிழமையும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஞாயிறு மத்தியானம் சொந்தக்காரர் நிறைந்த வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் அந்தப் படத்தைத் தன் போனில் இருந்து டிவியில் போட்டார். சாய்ந்த வெயில் நேராக விழுந்து தொண்டை ஊதாவாய் எரிந்தது. நான் அத்தனை காலையாகப் பார்த்திருந்த நிறம். வெளிச்சம் குடுத்தால்தான் நிறம் வரும், மச்சாளுக்கு அது விளங்கவில்லை என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அத்தான், அதின்ர சொண்டைப் பெருப்பிச்சுக் காட்டுங்கோ” என்றேன்.

பெருப்பித்தார். சொண்டில் ஒரு சிலந்தி, கால்கள் மடிந்தபடி.

“அது குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த தீன். நீங்கள் இதை எடுக்கேக்க குஞ்சுகள் ரெண்டும் செத்துப்போச்சு. நீங்கள்தான் கொன்றனீங்கள்.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் போனை எடுத்து, விரலால் படத்தின் ஓரங்களை உள்ளே இழுத்தார். கூடு போனது. சிலந்தி போனது. சொண்டும் போனது. கண்ணும் ஊதாத் தொண்டையும் மட்டும் டிவி நிறைய நின்றன. இப்ப சரிதானே என்று பொதுவாகக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த இரண்டு குஞ்சுகளையும் சிரட்டையில் எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் புதைத்தவர் அம்மா. அத்தானுக்கு முதலில் பதில் சொன்னதும் அவர்தான்.

“ஓம் தம்பி, இப்ப நல்ல வடிவா இருக்குது.”