சொன்னால்தான் சுடுவார்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் லீவுக்கு வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் ஏறினார். என் பக்கத்து சீட் காலியாக இருந்தும், கண்டக்டர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். முறுக்கு மீசை, அகன்ற மார்பு. மார்பளவு போதாது என்று பட்டாளத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான், வயிறு எரிந்தது.

“எதிரி எதிர்ல நின்னாலும் டில்லில சொன்னாத்தான் சுடுவீங்களா? துப்பாக்கியே புடிக்காதவங்க சொல்லணுமா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“ஆமாண்ணே. சொல்லிட்டா ஒருத்தனும் தயங்கமாட்டான். சொல்லாங்காட்டி ஒருத்தனும் சுடமாட்டான். அது எதிரிக்கும் தெரியும்ணே. அதான் சும்மா கீறான்.”

மண்ணூரில் இறங்கிப் போய்விட்டார்.

கம்பெனியில் நான் சூப்பர்வைசர். மிஷினை நிறுத்தச் சொன்னால் என் லைனில் ஒருத்தன்கூட நிறுத்தமாட்டான். இப்போதெல்லாம் எனக்குப் பொறாமை அவர்மேல் இல்லை. டில்லியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்கிற ஆள்மேல்.